இருபத்துநான்கு திருகுமூடிப் போத்தல்கள்

என் மேசையில், கணினிக்கும் முத்திரைப் பெட்டிக்கும் இடையில், ஒரு பியர் போத்தல் நிற்கிறது. கடும் பழுப்புக் கண்ணாடி, கைக்குள் அடங்கும் சின்னப் போத்தல். ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்த இடம் இன்னும் மங்கலாகத் தெரியும். வாயில் பொன்னிறத் தகர மூடி. கழுத்துவரை நிறைந்திருக்கிறது, யாரும் திறக்கவில்லை. பாரிசின் லா சப்பலில், மெத்ரோ ரயிலால் இறங்கி இரண்டு மளிகைக் கடை தாண்டினால், என்னுடைய கடை. வதிவிட அட்டை, குடும்பக் கொடுப்பனவு, பள்ளிக்கூடக் கடிதம் என்று பிரெஞ்சில் வரும் தாள்களை வாசித்துச் சொல்வதும் நிரப்பிக் கொடுப்பதும் என் பிழைப்பு. வருகிறவர்களின் கண் அந்தப் போத்தலில்தான் முதலில் விழும். தேனா, நல்லெண்ணெயா என்று கேட்பார்கள். பியர் என்று சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அதை எனக்குத் தந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். கிழக்கு ரயில்நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, கடைசிப் பதினைந்து வருடம் பாரில் நின்று பியர் ஊற்றியவர். தான் குடிப்பது குறைவு. ஆனால் ஊற்றுவதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. "நுரை ரெண்டு விரல் நிக்கோணும் பிள்ளை. நிக்காட்டி அது பியரில்லை, கழுவின தண்ணி" என்பார். வீட்டில் எங்களுக்குச் சோடா ஊற்றித் தந்தாலும் கிளாசைச் சரித்துப் பிடித்துத்தான் ஊற்றுவார். அந்த மணிக்கட்டுக்கு வேறு பழக்கம் தெரியாது.

அவருக்கு ஒரே மகன். இங்கேயே பிறந்தவன், பொறியியலாளன், ஒரு பிள்ளைக்குத் தகப்பன். தமிழ் சொன்னால் விளங்கும், பேச வராது, பதில் பிரெஞ்சில்தான் வரும். அத்தானின் பிரெஞ்சோ பாரோடு நின்றுவிட்டது. இரண்டு பியர், ஒரு கோப்பி, எட்டாம் மேசை. மகன் படபடவென்று பேசினால் பாதிக்குமேல் அவருக்குப் பிடிபடாது. அக்கா இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை, அவள் நடுவில் நின்று இருவரையும் ஓட்டிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. தொழிலே அதுதானே என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எதையும் உள்ளபடி சொன்னதில்லை. கடைக்கு வரும் தாய்மாருக்கும் அப்படித்தான். "உங்கள் மகன் வகுப்பில் எவரையும் மதிப்பதில்லை" என்று ஆசிரியை எழுதியிருப்பார். "கொஞ்சம் குழப்படியாம், கவனிக்கச் சொல்லியிருக்கினம்" என்று நான் வாசிப்பேன். ஏற்கெனவே களைத்துப்போய் வந்திருக்கிற சனத்தை எதற்கு நோகடிக்க வேண்டும். எங்கள் ஆட்களிடையே தூது போகிற எல்லோரும் இப்படிப் பூசி மெழுகித்தான் பேசுவார்கள். அது நல்ல குணம் என்றே நானும் நினைத்திருந்தேன்.

அத்தான் ஓய்வு பெற்ற மாதம் மகன் அவருக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தான். வீட்டிலேயே பியர் செய்கிற பெட்டி. மால்ட், ஈஸ்ட், ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளி, தகர மூடிகள், அவற்றைப் போத்தலில் வைத்து அழுத்துகிற இரண்டு கைபிடிக் கருவி. கூடவே ஒரு அட்டை. முதல் போத்தலை வந்து உங்களோடு திறக்கிறேன், சரிவந்தால் மாதம் ஒருமுறை வந்து சேர்ந்து செய்வோம் என்று எழுதியிருந்தான். அக்கா செத்துப் பதினாலு மாதத்தில் அவன் புறநகரில், சார்செலில் இருக்கிற அத்தான் வீட்டுக்கு வந்தது இரண்டே தரம். அத்தான் அந்த அட்டையை என்னைக் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தார். மூன்றாம் தரம், "மாதம் ஒருக்கா எண்டு வடிவா எழுதியிருக்கோ?" என்று கேட்டார். அந்த ஒரு இடத்தில் எனக்குப் பூசி மெழுக எதுவும் இருக்கவில்லை. வடிவாகத்தான் எழுதியிருந்தது.

பெட்டியில் போத்தல் இல்லை. அத்தானிடம் இருந்தது. அக்காவின் எட்டாம் நாள் படையலுக்கு வந்த ஆண்கள் குடித்துவிட்டு வைத்துப்போன வெறும் போத்தல்கள், பெட்டி பெட்டியாகப் பல்கனியில் கிடந்தன. அந்த வீடு கடைசியாக ஆட்களால் நிறைந்தது அன்றுதான். எறியச் சொல்லி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "கிடக்கட்டும்" என்பார். இப்போது அவற்றுக்கு ஒரு வேலை வந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோசம். நல்லதாக இருபத்துநான்கைத் தெரிந்தெடுத்து, குளியல்தொட்டியில் சுடுதண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, தாளைச் சுரண்டி, உள்ளே தூரிகை விட்டுக் கழுவினார். எல்லாமே திறப்பான் தேவையில்லாத, கையாலேயே திருகித் திறக்கிற போத்தல்கள். வாயைச் சுற்றி மெல்லிய மரை ஓடும்.

பியரை அடைப்பதற்கு முதல் நாள் மகன் கடைக்குத் தொலைபேசி எடுத்தான். அப்பா அனுப்பிய போத்தல்களின் படத்தைப் பார்த்தானாம். அவன் பிரெஞ்சில் சொன்னது எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அந்தக் குப்பையை எறியச் சொல்லுங்கள். அம்மா செத்த வீட்டுப் போத்தலில் பியர் அடைக்கிற மனுஷன் உலகத்தில் இவர் ஒருவர்தான். திருகுமூடிப் போத்தலின் வாயில் இந்த மூடி இறுகாது, காற்றெல்லாம் போய்விடும். எதையாவது ஒருதரம் கேட்டு நடப்பாரா அவர்?"

இதை நான் எப்படிச் சொல்வது? குப்பை என்பதைச் சொல்ல முடியாது. செத்த வீடு என்பதைச் சொல்லவே முடியாது. அன்று கடையில் வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். அத்தானுக்கு அழைத்து, "மகன் போத்தலுகளைக் கவனமாப் பாக்கச் சொல்லுறான்" என்றேன். "நான் பாத்துத்தான் செய்யிறன் எண்டு சொல்லும்" என்றார், குரலில் அவ்வளவு உற்சாகம். மீனில் முள்ளெடுக்கப் போய்ச் சதையையும் சேர்த்துப் பிய்த்து எறிந்துவிட்டேன். மூடி இறுகாது என்ற அந்த ஒரு வசனம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. அதுதான் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

மறுநாள் நானும் போயிருந்தேன். ஒவ்வொரு போத்தலுக்கும் நுரைக்கிற காற்று உண்டாக அரைக் கரண்டி சீனி, பிறகு பியர், பிறகு மூடி. கருவியின் இரண்டு கையையும் அவர் ஒரே சீராக அமத்தினார். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருபத்துமூன்றை அக்காவின் சேலை அலுமாரியின் அடித்தட்டில், இருட்டில் வைத்தார். ஒன்றை ஈரம் துடைத்து என்னிடம் நீட்டினார். "இது உமக்கு. நாங்கள் இஞ்சை திறக்கேக்கை நீர் இதை அங்கை வைச்சுத் திறவும்" என்றார். அன்றைக்கு நானும் வர வேண்டுமே என்றேன். "அப்ப பிறகு திறவும்" என்றார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் மகன் வந்தான். அத்தான் பாரில் போடுகிற வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டிருந்தார். ஆட்டிறைச்சி வறுவல் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. முதல் போத்தலை எடுத்து மூடியைக் கிளப்பினார். சத்தமே வரவில்லை. கிளாசைச் சரித்து ஊற்றினார். பழுப்புத் தண்ணீர் இறங்கி அப்படியே நின்றது. நுரை ஒரு கோடு அளவுகூட இல்லை. "ஒண்டு பிழைச்சுப்போச்சு" என்று இரண்டாவதை எடுத்தார். பிறகு மூன்றாவது. எட்டாவது போத்தலும் அப்படித்தான். மகன் திறக்காத ஒன்றை எடுத்து அதன் மூடியில் விரலை வைத்துத் தள்ளினான். மூடி போத்தலின் வாயில் லேசாகச் சுற்றியது. இறுகிய மூடி சுற்றாது. பிறகு பிரெஞ்சில் சொன்னான்: "நான் சொன்னேன். வழக்கம்போல இவர் கேட்கவில்லை."

அத்தான் என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"பரவாயில்லையாம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மகன் முகம் சிவந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, தமிழில் சொன்னான். "நான் அப்பிடிச் சொல்லேல்லை. இந்தப் போத்தல் வேண்டாம் எண்டு சொன்னது. சின்னம்மாவுக்குச் சொன்னது." எத்தனையோ வருடத்தில் அவன் தகப்பனிடம் பேசிய முதல் தமிழ் அது.

"சொன்னவனோ?" என்று அத்தான் என்னிடம் கேட்டார்.

"ஓம், அத்தான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுத் தப்பியிருப்பேன். "அப்ப அவனிலை பிழையில்லை" என்று மட்டும் சொன்னார். மிச்சப் போத்தல்களையும் திறந்து, கழுவுதொட்டியில் ஊற்றி, ஒவ்வொன்றாக அலசிக் கவிழ்த்தார். மகன் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவன் ஒரு செய்தியோடு வந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. கனடாவில், மொன்றியலில் வேலை கிடைத்திருந்ததாம். சாப்பிடும்போது சொல்ல இருந்தவன் சாப்பிடாமலே போனான். செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் குறைக்காமல் வாசிக்கிறேன். கடிதத்தில் இருப்பது அப்படியே வாயில் வரும். லா சப்பலில் இப்போது என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, "அவ மூஞ்சையிலை அடிச்ச மாதிரிச் சொல்லிப்போடுவா, மற்றக் கடைக்குப் போங்கோ" என்று. சிலர் அப்படிப் போகவும் செய்கிறார்கள்.

போன மாதம் மகன் அழைத்தான். கோடையில் தன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பாரிசுக்கு வருகிறானாம். "ஆனால் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். அப்பாவை வெளியே எங்காவது பார்க்கிறேன், ஒரு மணித்தியாலம். இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்" என்றான். நான் ரயிலேறி சார்செலுக்குப் போய், அப்படியே சொன்னேன். அத்தான் கேட்டுவிட்டுப் பல்கனிப் பக்கம் பார்த்தார். இருபத்துமூன்று போத்தல்களும் அங்கே கவிழ்த்தபடி இருக்கின்றன.

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

அப்பா சாப்பிடுகிறாரா என்று கேட்டவன், குளிருக்குக் கவனமாக இருக்கச் சொன்னவன் என்று முன்பென்றால் நாலு வசனம் கூட்டியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லை, அத்தான்."

"ஒரு மணித்தியாலம் எண்டா, முழு ஒரு மணித்தியாலமோ?"

"அப்பிடித்தான் சொன்னவன்."

தலையாட்டினார். பிறகு நான் சப்பாத்துப் போடும்போது வாசல்வரை வந்தார். "பிள்ளை, அந்த ஒரு போத்தல் உம்மட்டை இருக்கெல்லே? திறந்துபோடாதையும். அவன் வரேக்கை கொண்டுபோவம். அதெண்டாலும் நுரைக்கும்."

நேற்றுக் கடை பூட்டுவதற்கு முன் அந்தப் போத்தலைக் கையில் எடுத்தேன். மூடியில் விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். சுற்றுகிறது. அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.