விமலாக்கா கட்டியிருந்த நீலப் பட்டி

முதலாம் பாடத்துக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது விமலாக்காவின் தங்கை வவுனியாவிலிருந்து அழைத்தார். "அக்கா போயிட்டா" என்றார். காய்ச்சல் நெஞ்சுச் சளியாக மாறி அவர் ஆஸ்பத்திரியில் இருந்தது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அன்று முழுவதும் பிள்ளைகளின் இரைச்சல்கூட எனக்கு ஏதோ கனவுக்குள் கேட்பது போலவே இருந்தது.

நெடுங்கேணிப் பாடசாலையில் அவர் கணிதம் படிப்பித்தார். கணினி படிப்பிக்க வந்த எனக்கு முதல் நாளே அக்காவானார். மெல்லப் பேசுவார். நடந்துகொண்டிருக்கையில் சில வேளை நின்று, எங்களுக்குக் கேட்காத எதையோ கேட்பவர் போல இருப்பார். அது அவருடைய சுபாவம் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ஆசிரியர் அறையில் நாங்கள் தனியே இருந்தபோது, சிறுவயது முதல் தனக்கு வலிப்பு என்றார். "வரமுதல் ஒரு மழை மணம் வரும். பிறகு எல்லாம் மெதுவாத் தூரத்துக்குப் போகும். அது வடிவாத்தான் இருக்கும். எழும்பேக்கைதான் வெக்கம்." வீட்டாரைத் தவிர எவருக்கும் அவர் சொன்னதில்லை. பெண் கேட்டு வருபவர்களிடம் சொல்ல மனமில்லாமல் கலியாணமே வேண்டாம் என்றிருந்தார்.

கனடாவிலிருந்த தம்பி ஒரு நீலக் கைப்பட்டியை அனுப்பினார். அணிந்தவர் மயங்கி விழுந்தால், அருகில் இருப்பவர் கைத்தொலைபேசியை அதன்மேல் பிடித்து மருத்துவ விபரம் அறியலாம். விமலாக்காவுக்குக் கோபம் வந்தது. "என்ரை வருத்தத்தை ஊரெல்லாம் வாசிக்கோணுமோ?" எதைத் திறந்து வைப்பது, எதை இரகசிய இலக்கத்தால் பூட்டுவது என்பது அவர் விருப்பம்தான் என்று விளங்கப்படுத்தினேன். சில நாட்கள் யோசித்தார். பிறகு கணினி அறைக்கு வந்து பெயர், முகவரி, குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் பூட்டினார். இலக்கத்தைப் பதியும்போது நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது தங்கைக்கு மட்டுமே தெரியும். திறந்த பக்கத்தில் தங்கையின் தொலைபேசி எண்ணும் விமலாக்காவே எழுதிய சில வரிகளும் இருந்தன: "எனக்கு வலிப்பு. சரிச்சுப் படுக்க வையுங்கோ. கையிலை இரும்பு தர வேண்டாம். பயப்படாதேங்கோ, நான் எழும்பிடுவன்."

அந்த மாரிக்காலத்தில், வவுனியாவிலிருந்து திரும்பும் பேருந்தில் விழுந்தார். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்கப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெண்மணி, துணி வியாபாரம் செய்பவர், பட்டியில் இருந்த அவசரக் குறியைக் கண்டு தொலைபேசியைப் பிடித்து, அந்த வரிகளை எல்லோருக்கும் கேட்க வாசித்தாராம். பேருந்து ஓரமாக நின்றது. விமலாக்கா கண் விழித்தபோது தலை அந்தப் பெண்மணியின் மடியில் இருந்தது.

"எழும்பிடுவன் எண்டு சொன்னீங்க, எழும்பிட்டீங்க. பேரைத்தான் காட்டேல்லை" என்றாராம் அவர்.

விமலாக்கா தாமாகவே பெயரைச் சொன்னார். வெட்கம் வரவில்லை என்று மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிச் சிரித்தார்.

அதன்பின் வந்த விடுமுறையில் ஆசிரியர்கள் நாயாற்றுக் களப்பு எனும் கடலேரிக்குப் போனோம். பயணங்களில் எப்போதும் கரையிலிருந்து பைகளுக்குக் காவல் இருக்கும் விமலாக்கா, அன்று செருப்பைக் கழற்றினார். நானும் இன்னொரு ஆசிரியையும் இருபுறமும் பிடித்துக்கொள்ள, முழங்கால் ஆழத்துக்கு மெல்ல இறங்கினார். வெயில் சாய்ந்திருந்தது. களப்பும் வானமும் ஒரே நிறமாகி, எங்கே ஒன்று முடிகிறதென்றே தெரியவில்லை. சேலை நீரில் விரிந்து மிதந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"கையை விடுங்கோ. நான் நிக்கிறன்" என்றார்.

இப்போதும் விட்டுவிட்டோம், அக்கா. ஆறுதலா நில்லுங்கோ.