காளீஸ்வரியின் ஏழு விரதம்

பரளச்சி காளீஸ்வரிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று ஊரே நம்பியது. வயது நாற்பத்தாறு. ஆடியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினாள். அவிழ்த்த கையோடு புரட்டாசி சனி, அடுத்து கந்த சஷ்டி, கார்த்திகை, மார்கழி, தைப்பூசம். விரதம் இருக்கிற வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிப் பாயில்தான் படுக்க வேண்டும். அவளுக்கு வேண்டியதே அந்தத் தனிப் பாய்தான். சாமிகளெல்லாம் சும்மா சாட்சிக்கு.

விஷயம் வேறு. ஆறு வருஷமாகச் சர்க்கரை. கீழே ஓயாத அரிப்பு, வறட்சி. புருஷன் சின்னத்துரை நெருங்கினால் உயிர் போகிற வலி. மிளகாய்க் காட்டில் பக்கத்து நிரையில் பழம் பறிக்கிறவளோடு சேர்ந்து மாமியாரைத் திட்டலாம். இதைப் போய்ச் சொல்ல முடியுமா? ஆனால் சொல்லாமலே இருந்தால் மனுஷன் மனசு விட்டுப்போகுமே என்ற பயம் அவளை அரித்தது. இப்போதெல்லாம் அவன் சோற்றில் உப்பில்லை என்றுகூடச் சண்டை போடுவதில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு ஏழாவது விரதம். ஒருவேளைச் சாப்பாடு, சர்க்கரை மாத்திரை மட்டும் தவறாமல் மூன்று வேளை. மூன்றாம் நாள் குழாயடியில் உடம்பு நடுங்க, வேர்த்துக் கொட்ட, வாய் குழற உட்கார்ந்துவிட்டாள்.

"ஆத்தா வந்துட்டா!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி வேப்பிலை ஒடித்து வந்தாள். பக்கத்து வீட்டுத் துர்காதேவி தன் மகளுக்கு எந்தத் திசையிலிருந்து மாப்பிள்ளை வருவான் என்று குறி கேட்டாள். நல்லவேளை, வீடு வீடாக மாத்திரை கொடுக்க வந்த சுகாதார ஊழியர் ரேணுகாதேவி கூட்டத்தை விலக்கினாள்.

"ஆத்தாவுமில்ல, பேயுமில்ல. சுகர் கொறஞ்சு போச்சு. சீனித் தண்ணி கொண்டாங்க!"

தெளிந்த பிறகு, வீட்டுக்குள் வைத்து ரேணுகா கேட்டாள்: "எதுக்குக்கா இத்தன வெரதம்?" காளீஸ்வரி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரேணுகா சிரிக்கவில்லை.

"சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா இப்படி வரும்க்கா. ஒங்களுக்கு மட்டுமில்ல, நெறயப் பேருக்கு இருக்கு. யாரும் வாயத் தொறக்க மாட்டாக. அரிப்புக்கு மருந்து இருக்கு, வறட்சிக்கும் இருக்கு. அருப்புக்கோட்டைக்குப் போயி லேடி டாக்டரப் பாருங்க. மொதல்ல அண்ணன்ட்டச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் சொன்னாள். தலை நிமிராமல்தான் சொன்னாள். சின்னத்துரை தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அடிப்பாவி! ஒனக்குப் பக்தி கொறையணும்னு நான் காளியம்மனுக்குக் கெடா நேந்திருக்கேன்டி!"

காளீஸ்வரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவன் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அப்ப... என்னையப் புடிக்காம இல்லையே?"

எட்டு மாதமாக அவனும் பயந்துகொண்டுதான் கிடந்திருக்கிறான். காளீஸ்வரிக்கு வெட்கமும் பாசமும் ஒன்றாக வந்தன. அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "காலைல மொத பஸ்ஸுக்கு நீங்களும் வாரீகளா?" என்று கேட்டாள்.