லாரிச் சக்கரத்தில் பலாமரம்

கீரமங்கலம் ரோட்டில் தேங்காய் லாரியை டீக்கு நிறுத்துகிறேன். ஒரு பெண் ஓடி வருகிறாள். தரையில் ஒட்டுகிற லினோலியம் ஷீட்டில், கதவளவுக்கு, பலாமரம் ஒன்றை நாலு மாதமாகச் செதுக்கியிருக்கிறாளாம். துணியில் அச்செடுக்க அதற்கு மை தடவி, வெள்ளைத்துணி போர்த்தி, மேலே தடிப்பலகை வைத்து ரோட்டோரம் கிடத்தியிருக்கிறாள்.

"கரண்டியால தேய்ச்சுப் பாத்தேன், சரியாப் பதியலண்ணே. வண்டிய மேல ஏத்துறீங்களா?"

"எதுமேலயும் ஏத்தாம ஓட்டத்தான்மா எனக்குத் தெரியும். நசுங்கிப் போனா?"

"நாலு மாசம் போச்சு, அம்புட்டுதான். நடுவுல மட்டும் நிப்பாட்டிறாதீங்க."

இருபது வருஷத்தில் இவ்வளவு மெதுவாக நான் ஓட்டியதில்லை. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஏறி இறங்குகின்றன. அவள் பலகையைத் தள்ளிவிட்டுத் துணியை உரிக்கிறாள். பலாப்பழத்தில் ஒரு முள்கூட விடுபடவில்லை.

"இன்னொண்ணு போடுவமாண்ணே?"

தேங்காய் ஒன்றும் வாடிவிடாது. ரிவர்ஸ் எடுக்கிறேன்.