அக்கா பேருக்கு வந்த எஞ்சின்

சித்தப்பாவின் பிக்கப் வண்டிச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொந்த வண்டி வைத்திருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். மரக்கறி ஏற்றுவார். மற்ற நேரமெல்லாம் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் வாசலில் வண்டியில் சாய்ந்துகொண்டு முதலாளி மாதிரிப் பேசுவார். ஒரு மழைநாளில் ஏற்றத்தில் எஞ்சின் இறுகி வண்டி நின்றுவிட்டது. மாற்று எஞ்சின் தேடி ஹட்டன், கண்டி, கொழும்பு என்று அலைந்தார். கேட்ட இடமெல்லாம் யானை விலை, குதிரை விலை. கடைசியில் பார்த்தால், அதே ரக பிக்கப் ஒன்று தோட்டத்து ஃபெக்டரிக்குப் பின்னால் முகம் நசுங்கிக் கிடந்தது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை.

சித்தப்பா அப்பாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து மேனேஜர் துரையிடம் போனார். கொழுந்து பறிக்க ஆள் கிடைக்காமல் தோட்டம் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"எஞ்சினைக் கழட்டிக்கிட்டுப் போங்க. வீட்டுல இருந்து ஒரு பேரை மட்டும் பதிஞ்சிருங்க" என்றாராம் துரை.

பேர் பதிவது என்றால் தோட்டத்து வேலைக்குப் போவது. எங்கள் வீட்டில் பதியாமல் இருந்த பேர் அக்காவுடையது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சராகப் போகிறேன் என்று தினமும் என்னை உட்காரவைத்து வகுப்பில் மாதிரி இடாப்பு வைத்துப் பேர் கூப்பிடுவாள். நான் எழுந்து, "வந்திருக்கேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும்.

அம்மா ரொட்டி மாவை அடித்துப் பிசைந்துகொண்டே கத்தினாள். "ஒங்க தம்பி வண்டிக்கு எம் மக பேரா? அவரு பேரைப் பதிய வேண்டியதுதானே!"

சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. "வண்டிக்காரன் நான் போய் காலைப் பெரட்டுல, பேர் கூப்பிடுற வரிசையில நிக்கிறதா அண்ணி?"

அப்பா துரையிடம் போய் அக்கா பேரைப் பதிந்துவிட்டு வந்தார். அக்காவை யாரும் கேட்கவில்லை.

எஞ்சினைப் பொருத்தி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். முதல் சாவியிலேயே வண்டி பிடித்தது. லயமே கைதட்டியது.

மறுநாள் காலை சித்தப்பா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டார். வழியில் பெரட்டுக் களத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா பேரும் வந்தது. கூடையோடு நின்ற அவளுக்குச் சத்தம் வரவில்லை. பாவம், பதில் சொல்ல மறந்துவிட்டாள் என்று நினைத்து, ஓடும் வண்டியிலிருந்து நானே கத்தினேன்.

"வந்திருக்கேன் டீச்சர்!"

களமே சிரித்தது. அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அன்று எனக்கு வந்த கோபமெல்லாம் அவள் மேல்தான்.