மிளகாய்க் கிட்டங்கி மாடியில் ஓர் உளவியல் கழகம்

நேற்று மொட்டை மாடியில் மனைவி மிளகாய் வற்றலைப் பரப்பினாள். காற்று என் பக்கம் திரும்பியதும் தும்மல் பிடித்துக்கொண்டது. மற்றவர்களுக்குத் தும்மல் வந்தால் ஜலதோஷம் நினைவுக்கு வரும். எனக்கு ஆழ்மனம் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

விருதுநகரில் மிளகாய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில்தான் எங்கள் பகுப்பாய்வு உளவியல் கழகம் கூடியது. கனவுகளை வைத்து மனதைப் படிக்கிற கூட்டம். கல்லூரியில் உளவியல் நடத்திய நான், கிட்டங்கிக்காரர் பரமசிவம் அண்ணாச்சி, ஆமத்தூரிலிருந்து வந்த பட்டாசுத் தொழிலாளர்கள் சிலர். அண்ணாச்சி உளவியல் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவர். வாங்கியதோடு நிற்காமல் படித்தும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கூட்டம். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள் கனவில் தீயைக் கண்டால் வேலை நாளில் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னால் பலித்துவிடும் என்று பயம். லீவு நாளில் சொல்லலாம். எங்களுக்கு இருந்தது ஒரே சட்டம்: அடுத்தவர் கனவைப் பற்றிப் பேச வருகிறவர் முதலில் தன் கனவைச் சொல்ல வேண்டும். நான் வேட்டி இல்லாமல் வகுப்புக்குப் போன கனவு இப்படித்தான் வெளியே வந்தது. அதன்பிறகு கொஞ்ச நாள், தெருவில் எதிர்ப்பட்டவர்கள் என் இடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆமத்தூர்க்காரர்களில் முத்துலட்சுமி பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துகிறவர். ஒருநாள் தன் கனவைச் சொன்னார்.

"ஒடம்பெல்லாம் அலுமினியப் பொடி. கோயில் செலையாட்டம் நிக்கேன். அம்புட்டுப் பேரும் கும்பிடுதாக. ஒருத்தரும் தண்ணி தரல."

அவர் சம்மதத்தோடு அதைக் கட்டுரையாக எழுதினேன். சென்னையிலிருந்த பெரிய சங்கம் அதைப் படித்துவிட்டு, எங்களைக் கிளையாகச் சேர்க்க முன்வந்தது. கிளையானால் எனக்குச் சான்றிதழ் கிடைக்கும், பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆசை இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? பார்வையிட ஒரு பேராசிரியர் வந்தார். மூக்கில் வைத்த கைக்குட்டையை எடுக்காமலே, பட்டம் வாங்கியவர்கள்தான் உறுப்பினராக முடியும் என்றார்.

"இவங்களைப் பேஷன்ட் கேஸ்னு காட்டிக்கலாம்."

"அப்ப எங்க கனவ மட்டும் கொண்டு போவீகளாக்கும்?" என்றார் முத்துலட்சுமி. "ஒங்க கனவு ஒண்ண இங்கன சொல்லிட்டுப் போங்க சார்."

"நான் அதுக்கு வரல."

அண்ணாச்சி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

"அப்பக் கூட்டம் முடிஞ்சது. நீங்க ரயிலுக்குப் போகணும்லா."

அந்தப் பேராசிரியர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முத்துலட்சுமி நோயாளி இல்லை. எங்களோடு சரிசமமாக உட்கார்ந்து, என் கனவையும் கேட்டுச் சிரித்த உறுப்பினர். கிளையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம் என்று நானே எழுதிப் போட்டேன். அடுத்த ஞாயிறு முத்துலட்சுமியைத் தலைவராக்கினோம். "ஏன் சார் இந்த வம்பு" என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இப்போது கிட்டங்கியை இடித்துவிட்டார்கள். அண்ணாச்சி காலமாகிவிட்டார். சீசன் படுத்துப்போன ஒரு வருடம் ஆமத்தூர்க்காரர்கள் பலர் பனியன் வேலைக்குத் திருப்பூர் போனார்கள், முத்துலட்சுமியும் போனார். கழகம் அத்தோடு நின்றது.

போன மாதம் அந்தச் சென்னைச் சங்கத்திலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். சங்க வரலாறு எழுதுகிறார்களாம். விருதுநகரில் ஒரு கிளை இருந்ததாமே, தலைவராக எந்தப் பேராசிரியர் இருந்தார் என்று கேட்டார்.

கிளை எப்போதுமே இருந்ததில்லை என்றேன். கழகம் இருந்தது, இப்போது இல்லை. கடைசித் தலைவர் ஆமத்தூர் முத்துலட்சுமி, பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவர், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.