நாலாவது சரணம்

என் தங்கை சுசீலா மொத்தம் இருபத்து மூன்று ஞானப்பாட்டுகள் எழுதினாள். எல்லாம் சார்ஜாவில், 1991 ஆகஸ்டுக்கும் 1998 மார்ச்சுக்கும் நடுவில். தேதிகள் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் கிறுக்கித் தந்ததைக் கோடு போட்ட தாளில் திருத்தமாக எழுதி, ரோலா கடைத்தெருவில் நகல் எடுத்துச் சபைக்குக் கொண்டுபோனவன் நான்.

எங்களுக்குச் சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். நான் எட்டாவது வரை படித்தேன், அவள் பத்தாவது முடித்தாள். ரோலாவில் ஒரு தையல் கடையில் நான் கட்டிங் மாஸ்டர். அதே தெருவில் இருந்த கிளினிக்கில் சொல்லிவைத்து, அவளுக்கு விசா வாங்கிக் கொடுத்ததும் நான்தான். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, தரை துடைப்பது, ஊசி போடும்போது பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது என்று பன்னிரண்டு மணி நேர டூட்டி. முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவளைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பாட்டு எழுத அவள் உட்கார்ந்ததே கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த பழைய மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வாள். படி ஏறும்போது முனகுவாள், துணி காயப்போடும்போது முனகுவாள். எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் நாலு வரி விழும். "மெட்டு தெரிஞ்சா சனம் உடனே படிச்சிரும் அண்ணே, சொல்லிக்கொடுக்க நேரம் ஏது?" என்பாள்.

நான் பதினெட்டு வயதிலிருந்து பாட்டு எழுதுகிறவன். பதினோரு பாட்டு எழுதியிருக்கிறேன். எதுகை, மோனை எதிலும் பிசகு இல்லை. சபையில் பாடினோம், முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒருவர் வாயிலும் அவற்றை நான் கேட்கவில்லை. அவள் பாட்டிலோ மூன்றாவது அடி நொண்டும். ஆனாலும் துபாய் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற சாயர்புரத்து ஆள் அதைத்தான் சீட்டியடிப்பான். அளவு கொடுக்கக் கடைக்கு வருகிறவர்கள் கையைத் தூக்கி நின்றபடியே, "அண்ணாச்சி, வர்ற வெள்ளிக்கெழம தங்கச்சி பாட்டு உண்டுல்லா?" என்பார்கள். நான் டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன்.

சபையில் பாட்டு நடத்துவது என் பொறுப்பு. தேவாலய வளாகத்தில் ஒவ்வொரு மொழிக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றரை. மணி அடித்தால் வாசலில் மலையாளச் சபை நிற்கும். அதனால் நீளப் பாட்டு என்றால் எந்தெந்தச் சரணம் பாடுவது என்று முன்கூட்டியே நான் சொல்லிவிடுவேன். "ஒன்று, இரண்டு, ஐந்து" என்றால் சபை அதைத்தான் பாட வேண்டும்.

1995-இல் சுசீலாவின் அறைத்தோழி ஜலஜாவுடைய நாலு வயது மகன் மார்த்தாண்டத்தில் காய்ச்சலில் இறந்துபோனான். ஜலஜா அதே கிளினிக்கில் நர்ஸ். முதலாளி லீவு தரவில்லை, பாஸ்போர்ட்டும் அவர் கையில். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வந்த போட்டோவில்தான் அடக்கத்தைப் பார்த்தாள். அந்த மாதம் சுசீலா ஐந்து சரணத்தில் ஒரு பாட்டு எழுதினாள். நாலாவது சரணம் இது:

மண் எடுத்துப் போடவில்லை,
மடியில் வைத்து அழவில்லை;
கண்மறைந்த பிள்ளையை உம்
கையில் காண்பேன், அது போதும்.

நகல் எழுதும்போது இரண்டு முறை படித்துப் பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை. பேனாவை மூடிவைத்தேன்.

ஆறு வெள்ளிக்கிழமை அந்தப் பாட்டைப் பாடினோம். ஆறு முறையும் "ஒன்று, இரண்டு, ஐந்து" என்றேன். யாராவது கேட்டால் நேரம் இல்லை என்பேன். கைக்கடிகாரத்தில் நான் அளந்து வைத்திருந்தேன். நாலாவது சரணத்துக்கு ஐம்பது விநாடி. இரண்டு வாரம் ஐந்து நிமிடம் முன்னதாகவே ஆராதனை முடிந்திருந்தது.

ஜலஜாவின் ஒப்பந்தம் முடிந்தது. சனிக்கிழமை விமானம். வியாழக்கிழமை சுசீலா கடைக்கு வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு நாலாவது சரணத்தையும் சேத்துச் சொல்லு. அவளுக்குன்னு எழுதுனது. அவ காதால ஒரு தடவ கேட்டுட்டுப் போட்டும்."

"நேரம் பாக்கணும்லா."

"அவ என்கிட்ட ஒண்ணும் கேக்கல அண்ணே. தாள மடிச்சு மடிச்சுப் பாக்கா, அவ்வளவுதான்."

"பாப்போம்ட்டி. போ, டூட்டிக்கு நேரமாச்சு."

மறுநாள் முதல் பாட்டாக என் பாட்டைப் போட்டேன். ஏழு சரணம். ஏழையும் பாட வைத்தேன். கடைசியில் சுசீலா பாட்டு வந்தபோது பதினொன்று இருபத்தேழு. இப்போது நேரம் இல்லை என்று பொய் இல்லாமல் சொல்லலாம். "ஒன்று, இரண்டு, ஐந்து" என்றேன்.

இரண்டாவது முடிந்தது. கீபோர்டு வாசித்த நேசையா ஐந்தாவதற்கு எடுத்துக் கொடுத்தார். நான் ஆரம்பித்தேன், ஆண்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் "மண் எடுத்துப் போடவில்லை" என்றது. ஜலஜாதான். தாளைப் பார்க்காமல் நேரே பார்த்துப் பாடினாள். அவள் பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள், அடுத்த வரிசை சேர்ந்தது. மெட்டு ஒன்றுதான். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒன்றும் விளங்கவில்லை. நான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். ஆண்கள் என்னைப் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தாளில் பார்வையை இறக்கி நாலாவதற்குப் போனார்கள். நேசையாவும் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஐந்தாவதை நான் மட்டும் பாடுகிறேன் என்று நினைத்தேன். இல்லை. இன்னொரு குரல் கூட வந்துகொண்டிருந்தது. மெல்லிய குரல், மூன்றாவது வரிசை. சுசீலா. அவள் கேட்ட சரணத்தை ஊரே பாட, அவள் என்னோடு ஐந்தாவதில் நின்றாள்.

பாடுவதை நிறுத்தினேன். மைக்கைத் தள்ளி வைத்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினாள். அவர்கள் நாலாவதை முடித்துவிட்டு அதையே மறுபடியும் முதல் அடியிலிருந்து எடுத்தார்கள். அந்த முறை நானும் பாடினேன், மைக் இல்லாமல். ஜலஜா அழவில்லை. கடைசி அடி முடிந்ததும் தாளைப் பைக்குள் வைத்தாள்.

பதினொன்று முப்பத்திரண்டு. மலையாளச் சபையார் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் காத்து நின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

வெளியே வந்ததும் சுசீலாவிடம் கேட்டேன்.

"ஏட்டி, நீ எழுதுனதுதான? நீ ஏன் அஞ்சாவதப் படிச்ச?"

"நீ ஒத்தையில நின்னியே அண்ணே."

ஏழு சரணம் பாட வைத்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது.

மதில் ஓரத்தில் ஜலஜா இரண்டு மலையாளப் பெண்களுக்கு அந்த நாலு அடியைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். காதில் விழாத தூரம்வரை நடந்துவிடலாம் என்று கேட்டைத் தாண்டினேன். தெருமுனை வந்தும் கேட்டுக்கொண்டிருந்தது.