கடைசிப் படத்தில் இல்லாத வீடு

என் வேனில் ஏறித் திருகோணமலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். போர்த்துக்கல் நாட்டிலிருந்து வந்த அந்தத் திரைப்பட இயக்குநரை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் மனம் கனக்கிறது. வயதானவர். வந்த முதல் நாளே, நானூறு வருசத்துக்கு முன் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியது தன் நாட்டு ஆட்கள்தான் என்று கோணேசர் மலையடியில் நின்று மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்டு என்ன பயன்? நான் வேன் ஓட்டுபவன், அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் நானே.

இருந்த வீட்டையும் விற்றுப் படம் எடுத்தவராம். விழாக்களில் பரிசு கிடைக்கும், தியேட்டரில் ஆள் இருக்காது என்று அவரே சிரிப்பார். ஒன்றை வீட்டில் போட்டுப் பார்த்தோம். ஒரு கிழவி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள், காத்திருந்துகொண்டே இருக்கிறாள். "பஸ் வந்தாச் சொல்லுங்கோ, நான் குசினிக்கை நிக்கிறன்" என்று மனைவி எழுந்து சமையலுக்குப் போய்விட்டாள். பஸ் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் எனக்கு எழும்ப மனம் வரவில்லை.

தன் கடைசிப் படத்துக்கும் அவர் காத்திருக்கும் ஒருத்தியைத்தான் தேடினார். அன்புவழிபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கூட்டிப்போனேன். அக்காவுடைய ஒரே மகன் யுத்த காலத்தில் மூதூரில் காணாமல் போனவன். அதன்பிறகுதான் அக்கா இடம்பெயர்ந்து இங்கே வந்தார்.

"இந்தப் படம் வெளிநாடெல்லாம் ஓடுமோ தம்பி?"

"ஓம் அக்கா."

"அப்ப எடுக்கச் சொல்லுங்கோ. எங்கையாவது இருந்து பாத்தானெண்டால், அம்மா இப்ப இந்த வீட்டிலை இருக்கிறா எண்டு தெரியவரும்."

படப்பிடிப்பின் முதல் நாள் முழுக்க இயக்குநரும் அவருடைய ஆட்களும் வாசலில் கதிரை போட்டு அக்காவை இருத்திப் படம்பிடித்தார்கள். மறுநாள் காலை இயக்குநர் தானே கோயிலடியில் மல்லிகை மாலை வாங்கிவந்து, சுவரில் இருந்த மகனின் போட்டோவுக்குப் போட்டுவிட்டார். வேறு வீடுகளில் அப்படிக் கண்டிருக்கிறார், மரியாதை என்று நினைத்துவிட்டார் பாவம். செத்தவர்களுக்குத்தான் அப்படிப் போடுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தேத்தண்ணியோடு வந்த அக்கா அதைக் கண்டார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் விளக்கிச் சொன்னதும் மனிதர் முற்றத்து மணலில் அப்படியே குந்திவிட்டார். அன்றே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

படம் வெளிவந்தபோது அந்த வீடு அதில் இல்லை. இயக்குநரிடம் போனில் கேட்டேன். அந்தத் தாயைக் காட்ட எனக்கு உரிமை இல்லை, எடுத்ததை எல்லாம் அழித்துவிட்டேன், இனிப் படமே எடுப்பதில்லை என்றார். எவ்வளவு பெரிய மனுசன் என்று நெகிழ்ந்துபோனேன். அந்த நெகிழ்ச்சியோடுதான் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அழிச்சுப்போட்டாரோ?" என்றார் அக்கா. "அவர் தெரியாமல் செய்ததுதானே தம்பி. எனக்கு அண்டைக்கே கோவம் ஆறிட்டுது."

சுவரில் இருந்த மகனின் போட்டோப் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்:

"அப்ப அவனுக்கு இந்த வீடு எப்பிடித் தெரியும்?"